பத்திரிகையில் போட ஒரு பட்டம்

என் மூத்த மகளுக்குப் பரிசம் போட்டுத் தாம்பூலம் மாற்றிய பிறகும் கல்யாணம் நடக்காமல் இழுத்துக்கொண்டே போனது. மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. பெண்ணுக்கும் குறை இல்லை. குறையெல்லாம் என் கணவரின் பெயரில் இருந்தது. அந்தப் பெயருக்கு முன்னால் வெள்ளைக்காரச் சர்க்கார் தருகிற 'ராவ் சாகிப்' பட்டம் சேர்ந்த பிறகுதான் கல்யாணப் பத்திரிகை அடிப்பது என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

திண்டிவனத்தில் எங்களுக்கு மல்லாட்டை மண்டி. வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவரை நான் தோளில் துண்டோடும் தலைமுடியில் கடலைத் தொலியோடும்தான் பார்த்திருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுவார், நன்றாகத் தூங்குவார், சிரித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். யுத்தம் ஆரம்பித்த சமயம், தாலுகா ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா யுத்த நிதிக்கு வசூல் செய்ய வந்தார். வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். "உங்கள மாதிரி ஆளுங்களுக்குக் குடுக்காம சர்க்காரு வேற யாருக்குங்க பட்டம் குடுக்கப் போவுது?" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார். அன்றோடு எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று.

முதலில் கோட்டு வந்தது. கறுப்பில், கம்பளி மாதிரி தடியான துணியில். கத்திரி வெயிலில் அதை மாட்டிக்கொண்டு மண்டியில் உட்கார்ந்திருப்பார். வேர்வை காதோரமாக ஒழுகும், துடைத்துக்கொள்ளமாட்டார், கௌரவம் குறைந்துவிடுமாம். அடுத்து ஸ்பூன் வந்தது. துரைமார் விருந்துக்குக் கூப்பிட்டால் பழக்கம் வேண்டும் என்று கேப்பைக் களியை ஸ்பூனால் தின்று பார்த்தார். களி ஸ்பூனை விட்டு இறங்க மறுத்துவிட்டது. பிறகு மல்லாட்டையையே தொடுவதில்லை என்றார். கலெக்டர் கை குலுக்கும்போது கடலை வாசனை அடிக்கக் கூடாதாம். எந்தக் கலெக்டர் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார் என்று கேட்டேன். பொம்பளைக்கு என்ன தெரியும் என்றார்.

வளவனூரில் ஒரு ரைஸ் மில்காரர் இருந்தார். அவருக்கும் இதே வியாதி. அவர் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெஞ்சு போட்டுத் தந்தால் இவர் இரண்டு போட்டுத் தருவார். அந்த மனிதரின் பேச்சு காதில் விழுந்தால் இவருக்குச் சாப்பாடு இறங்காது. இத்தனைக்கும் அவரை இவர் நேரில் பார்த்ததுகூட இல்லை.

பட்டப் பட்டியல் வருஷத்துக்கு இரண்டு தடவை வரும். இங்கிலீஷ் வருஷப் பிறப்புக்கு ஒன்று, ராஜா பிறந்த நாளுக்கு ஒன்று. பட்டியலில் பேர் இல்லையென்றால், "அடுத்த லிஸ்ட் வரட்டும்" என்று முகூர்த்தத்தைத் தள்ளுவார். எந்த ஊரிலும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் கல்யாணம் வைப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் லண்டனில் இருக்கிற ராஜா எப்போது பிறந்தார் என்று பார்த்து வைத்தோம்.

எங்கள் சம்பந்தி கூட்ஸ் வண்டியில் கார்டு. ஒரு நாள் கலெக்டர் மெயிலில் கடலூருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு என் கணவர் ஆளுயர மாலையோடும் எலுமிச்சம்பழத்தோடும் திண்டிவனம் ஸ்டேஷனுக்கு ஓடினார். திரும்பி வந்து, துரை இறங்கி வந்து விசாரித்தார், மாலையை வாங்கிக்கொண்டார் என்று வாய் நிறையச் சொன்னார். நானும் நம்பினேன். மறுநாள் சம்பந்தியே வீட்டுக்கு வந்துவிட்டார். மெயிலுக்கு வழி விடுவதற்காக அவருடைய கூட்ஸ் வண்டியை அங்கே நிறுத்தியிருந்தார்களாம்.

"தங்கச்சி, மாலையும் கையுமா நிக்கறாரேன்னு, எனக்கா சம்பந்தின்னு கேட்டேன். மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கினாரு. மெயிலு வந்திச்சி. கலெக்டரு ஜன்னல சாத்திக்கினு தூங்கறாரு. டவாலி போட்ட சேவகன்தான் கைய நீட்டி மாலைய வாங்கிக்கினான். எலுமிச்சம்பழத்தையும் மறக்காம கேட்டு வாங்கிக்கினான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு நின்றுபோயிற்று.

"தை மாசம் தாண்டிச்சின்னா நாங்க வேற எடம் பாத்துக்கறோம். எம்புள்ள தாலி கட்டப் போறது பொண்ணுக்கு, பட்டத்துக்கு இல்ல."

என் மகள் அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் தேவலை. பால் பொங்கி அடுப்பில் வழிவதைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். பரிசம் போட்டு நின்றுபோன பெண்ணை ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் தைக்கு உடனே சம்மதித்தது எனக்கே ஆச்சரியம். காரணம் பிறகுதான் தெரிந்தது. வருஷப் பிறப்புப் பட்டியலில் உங்கள் பேர் ஏறிவிட்டது என்று தலைமைக் குமாஸ்தா அடித்துச் சொல்லியிருந்தார். யுத்த காலம், காகிதம் குதிரைக் கொம்பு. அச்சாபீஸ்காரர் எங்கெங்கோ அலைந்து சேர்த்த கெட்டித் தாளில் கார்த்திகையிலேயே பத்திரிகை அடித்தாகிவிட்டது. மகள் பேர் ஓர் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. 'ராவ் சாகிப்' மட்டும் கொட்டை எழுத்தில், சுற்றிலும் கொடியும் பூவுமாக இருந்தது. பட்டியல் வந்ததும் மஞ்சள் தடவி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

பட்டியல் வந்தது. பேப்பரில் வளவனூர் ரைஸ் மில்காரரின் பேர் இருந்தது. இவர் பேப்பரை மடித்து வைத்தார், கோட்டைக் கழற்றினார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் என்றால் பாவம், இல்லை என்றால் பொய். சாயங்காலம் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"இந்தா, ராஜா பொறந்த நாளுக்கு இன்னொரு லிஸ்ட் வருது. ஆனி வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லி சம்பந்திக்கு ஆளனுப்பட்டுமா?"

அத்தனை வருஷத்தில் நான் அவரிடம் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அன்று கத்தினேன். "வெல ஏறட்டும்னு குடோன்ல போட்டு வெக்கறதுக்கு அவ என்னா மல்லாட்டை மூட்டையா?"

அப்போது என் மகள் பேனாவும் மசிக்கூடும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அப்பா எதிரில் உட்கார்ந்து பழக்கமில்லாத பெண். பத்திரிகைக் கட்டைப் பிரித்து, முதல் பத்திரிகையை எடுத்து, பட்டத்தின் மேல் ஒரு கோடு போட்டாள். அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். கோடு பாம்பு மாதிரி நெளிந்தது. வேறு பத்திரிகை அடிக்கக் காகிதம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கு வேறு வழியும் இல்லை.

என் கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

"கோடு கோணலாப் போவுதும்மா," என்றார். "ஸ்கேல எடுத்துக்கினு வா. இப்படிக் குடு."

வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, தன் பட்டத்தைத் தானே அடிக்க ஆரம்பித்தார். ஒரே நேராக, ஒன்று தவறாமல். மசி காயக் காய நான் மஞ்சள் தடவினேன். அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த ஸ்கேல் சத்தத்திலேயே கரைந்துவிட்டது.

அடித்துவிட்டால் தெரியாது என்று நினைத்தோம் பாருங்கள், அது எங்கள் புத்திசாலித்தனம். வாங்கியவர்கள் எல்லோரும் முகூர்த்தத்தைப் படிக்காமல், அடித்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துத்தான் முதலில் படித்தார்கள். விழுப்புரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பந்தலில் நாங்கள் நுழையும்போதே, "கோடு போட்ட ராவ் சாகிப் வந்துட்டாருடோய்!" என்று ஒரு குரல். பந்தலே சிரித்தது. இவர் முகம் இருண்டது. எதிரே கல்யாணக் கோலத்தில் நின்ற மகளைப் பார்த்தார். பிறகு இவரும் சிரித்தார், அந்தப் பழைய சிரிப்பு, ஜங்ஷன் வரைக்கும் கேட்டிருக்கும். எனக்குத்தான் பந்தலில் வைத்து அழுகை வந்துவிட்டது.

அந்தக் கறுப்புக் கம்பளிக் கோட்டின் மேல் பிறகு மண்டிப் பூனை குட்டி போட்டது. விளக்கு வைத்ததும் மண்டியைச் சாத்திவிட்டு வந்து கையால் களி தின்றார். வளவனூர்க்காரர் இன்னொரு பெஞ்சு போட்டதாகக் கேள்விப்பட்டு, "பாவம், உக்கார எடம் பத்தலியோ என்னமோ" என்றார்.

ராஜா பிறந்த நாள் நெருங்கும்போது தலைமைக் குமாஸ்தா திரும்பவும் வந்தார். இந்தத் தடவை சந்தேகமே வேண்டாம், நிதிக்கு மட்டும் கொஞ்சம் பார்த்துச் செய்ய வேண்டும் என்றார். என் கணவர் அவித்த மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தார். ஒரு கை அள்ளி அவரிடம் கொடுத்தார்.

"கல்யாணம் முடிஞ்சி போச்சுங்களே. இனிமே பட்டம் வந்தா எதுலங்க போடறது?"

தலைமைக் குமாஸ்தா மென்றுகொண்டே யோசித்தார். அவர் பார்வை மெல்ல முற்றத்துக்குப் போனது. அங்கே என் இரண்டாவது பெண், எட்டு வயசுக்காரி, பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். என் கணவரும் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் ஓடிப்போய் அவளை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.