மேல்முடக்கில் ஒரு பஸ் ஹோல்ட்

போறணை அடுப்பிலிருந்து முதல் தட்டு வெளியே வந்ததும், மீன் அடைத்த ஒரு மாலு பனிஸைப் பிய்த்து, கண்ணை மூடி முகர்ந்து பார்க்கிறார் நாகலெட்சுமி. மிளகு தூக்கலாக இருந்தால்தான் தலையாட்டுவார். "காரம் இல்லாட்டி அது பனிஸ் இல்லீங்க, பஞ்சு."

மஸ்கெலியாவில் பேக்கரி வைத்திருக்கும் இவர், ஐந்து வருடம் மாகாண சபை உறுப்பினராகவும் இருந்தார். சபை கலைந்து வருடங்கள் ஓடியும் ஊருக்கு இவர் 'மெம்பரம்மா'தான். சபை கூடும் நாள்களிலும் விடியலில் மாவு பிசைந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். காதோரம் மாவு ஒட்டியிருக்க இவர் பேசிய படம் ஒரு பத்திரிகையில் வந்தது. அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார்.

அந்தப் பேச்சு மேல்முடக்கைப் பற்றியது. ஹட்டன் போகும் சாலையில் அந்த வளைவில் எண்பது குடும்பங்கள் இருந்தும் பஸ் நிற்பதில்லை. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இரண்டு மைல் நடந்துபோய்த்தான் பஸ் பிடிக்க வேண்டும். மூன்று முறை பேசினார். மூன்று முறையும் 'பரிசீலிக்கப்படும்' என்றார்கள்.

சென்ற ஆண்டு மழையில், கிளினிக்குக்கு நடந்துபோன ஏழு மாதக் கர்ப்பிணி பிரியந்தி வழுக்கி விழுந்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று நாகலெட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை மேல்முடக்கில் நடுரோட்டில் போய் நின்றார்.

பிரேக் போட்ட டிரைவர் நிரோஷன் தலையை வெளியே நீட்டினார். "மெம்பரம்மா, இங்க ஹோல்ட் இல்லீங்க. நிப்பாட்டுனா டிப்போவுல ஏசுவாங்க."

"ஏசுனா என் பேரச் சொல்லு தம்பி."

"நீங்கதான் இப்ப மெம்பர் இல்லீங்களே!"

பஸ்ஸுக்குள் சிரிப்பு. அவருக்குச் சுருக்கென்றது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். "மெம்பர் இல்லதான். பேக்கரி இருக்குல்ல? நாளையிலேருந்து ஒனக்கு பனிஸ் கெடையாது."

அன்று முதல் நிரோஷன் நிறுத்தினார். மற்ற டிரைவர்களும் நிறுத்த வேண்டுமே! செவ்வாய்தோறும் டிப்போ அதிகாரியின் அறை வாசலில் போய் உட்கார்ந்தார் நாகலெட்சுமி. பதினோராவது செவ்வாய், "ஹரி, ஹரி, நோனா" (சரி, சரி, அம்மா) என்று சிங்களத்தில் சலித்துக்கொண்டே அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

போன மாதம் மேல்முடக்கில் பஸ் ஹோல்ட் பலகை நட்டார்கள். முதலில் வந்த பஸ்ஸில் பிரியந்தி கைக்குழந்தையோடு ஏறி, கீழே நின்ற நாகலெட்சுமியைக் கூப்பிட்டாள்.

"நீங்களும் ஏறுங்க மெம்பரம்மா, முன்சீட்டு காலியா இருக்கு."

"நான் அந்தப் பக்கம், கடைக்குப் போகணும்மா. புள்ளையப் புடிச்சிக்க."

கண்டக்டர் வாயைத் திறக்கும் முன்பே, பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி இரண்டு தட்டு தட்டினார். "ரைட், போ!"