மூட்டைக்கு ஒரு பாதி, பாட்டிலுக்கு ஒரு பாதி

என் தங்கை மெரின் வேளாண்மை படித்தவள். புதுச்சேரியைச் சுற்றியுள்ள ஊர்களில் நானோ யூரியா தெளிக்கக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. மூட்டையிலிருந்து வீசும் யூரியாவில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். கண்ணுக்குத் தெரியாத துகளாக்கி இலைமேல் தெளித்தால் பயிர் அங்கேயே எடுத்துக்கொள்ளும் என்பாள். எட்டாவதோடு நின்ற எனக்கே புரியும்படி சொல்வாள்.

சென்ற சம்பாவில் அவளை நம்பி முதலில் வயலைக் கொடுத்தவர் கன்னியப்பன். வாரம் ஆறு நாள் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலை, ஞாயிறு மட்டும் வயல். அதனால் மெரினும் ஞாயிறன்று மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் நேரே அங்கே போவாள். ஒரு ஏக்கர், வளரும் பயிருக்கு இரண்டாம் முறை போடும் மேலுரத்துக்குப் பதிலாக அரை லிட்டர் பாட்டில் ஒன்று, லிட்டர் தண்ணீருக்கு நான்கு மில்லி. இது சரியாக வந்தால்தான் நாங்களும் என்று பக்கத்து வயல்காரர்கள் நான்கு பேர் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பயிர் கரும்பச்சையாக நின்றது. கன்னியப்பனுக்கு மகிழ்ச்சி. மெரினுக்கு இல்லை. பச்சையின் அடர்த்தியை வைத்து உரத்தின் அளவைக் காட்டும் இலை வண்ண அட்டையை வயல் முழுக்க வைத்துப் பார்த்தாள். நடுவில் அளவுக்கு மேல் பச்சை. வரப்போரம் இரண்டு முழத்துக்கு மட்டும் சரியான நிறம். தெளித்தால் எல்லா இடமும் ஒன்றுபோல் இருக்கும். கையால் வீசுகிறவர்கள்தான் உரம் வரப்பில் விழாமல் உள்ளே தள்ளி வீசுவார்கள்.

நாலு பேர் எதிரில் கேட்காமல், கன்னியப்பனின் மனைவி பார்வதியிடம் தனியாகக் கேட்டாள். என் தங்கைக்கு அந்த நிதானம் உண்டு.

"அக்கா, வீட்டுல இருந்த யூரியா மூட்ட எங்க?"

பார்வதி ஒத்துக்கொண்டாள். "அவரு வேலைக்குப் போனப்புறம் நான்தான் வீசிட்டேன். ஒரு ஏக்கருக்கு இத்துணூண்டு பாட்டில் போதும்னா யாரும்மா நம்புவா? பசிச்ச புள்ளைக்கு ஒரு சொட்டு பால் வச்ச மாதிரி இருந்துச்சு."

மெரின் திட்டவில்லை. யூரியா மிஞ்சினால் தண்டு இளகிப் பயிர் சாய்ந்துவிடும் என்று வயல் தண்ணீரை வடிக்கச் சொன்னாள். இனி எந்த உரமும் வேண்டாம் என்றாள். அப்படியும் கார்த்திகை மழையில் நடுவயலில் கால்வாசி சாய்ந்தது. வரப்போரப் பயிர் நிமிர்ந்தே நின்றது.

பாட்டில் மருந்துதான் வயலைச் சாய்த்தது என்று நான்கு பேரும் பேச ஆரம்பித்தார்கள். பார்வதி அவர்களை வரப்புக்கே அழைத்துப்போனாள்.

"சாய்ச்சது அந்தப் பொண்ணு பாட்டில் இல்ல, நான் வீசுன மூட்ட. ஓரத்தையும் பாருங்க, நடுவையும் பாருங்க."

கன்னியப்பனுக்கே அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

இந்தப் பட்டத்தில் நால்வரில் மூவர் சேர்ந்திருக்கிறார்கள். மெரின் ஒரு விதி வைத்திருக்கிறாள். வயலைக் கயிறு பிடித்து இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதிக்குப் பழையபடி மூட்டை, மறுபாதிக்குப் பாட்டில். யாரும் ஒளிந்து வீச வேண்டியதில்லை. முதல் வயலில் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தவள் பார்வதி.