சாமிக்கு ஆகாத செடிகள்

எங்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டபோது என் பங்களிப்பு ஒரே ஒரு செங்கல். பூஜை முடிந்ததும் அதை எடுத்து வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். நான் நகர்ந்ததும் கொத்தனார் அதை எடுத்து வேறு மாதிரி வைத்தார். வீடு எழுந்து, பால் காய்ச்சி, நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குக் குடிவந்த பிறகு, அஸ்திவாரத்தை ஒட்டிச் சுவரைச் சுற்றி ஓடிய மூன்றடி அகல மண் என் பொறுப்புக்கு விடப்பட்டது. சுவருக்கு உள்ளே இருக்கும் எதையும் என்னிடம் ஒப்படைக்க என் மனைவிக்குத் துணிவு வரவில்லை.

இரண்டு ஊருக்கும் நடுவே அப்படி ஒன்றும் தூரமில்லை. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டு, சமாதானமாகி, உட்காரும் நேரத்தில் இறங்கும் இடம் வந்துவிடும். ஆனால் என் மனைவிக்கு இது கடல் கடந்த பயணம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் பிறந்த தெருவில் வாசலில் நின்று தும்மினால் எதிர் வீட்டிலிருந்து கஷாயம் வரும். இங்கே என் அலுவலகத்துக்குப் பக்கம் என்று நான் தேர்ந்தெடுத்தது ஊருக்கு மேற்கே புதிதாக முளைத்த தெரு. எல்லாரும் புதிதாக வீடு கட்டி வந்தவர்கள். எல்லார் வீட்டிலும் பெரிய கேட். பேச்சு சத்தம் கேட்கவேண்டுமானால் டிவியைப் போடவேண்டும்.

வந்த ஆவணி மாதமே அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அடுத்த ஆடி வரைக்கும் பாப்பேன். இந்தத் தெருவுல மனுசமக்க முகங்குடுத்துப் பேசலைன்னா நான் எங்கம்மா வீட்டைத் தொறந்து அங்க இருந்துக்கிடுவேன். பூட்டித்தான கெடக்கு. நீங்க ஞாயித்துக்கெழமை வந்து பாத்துட்டுப் போங்க."

"ஞாயித்துக்கெழமை மட்டுமா?"

"ஏன், அது ஜாஸ்தியா இருக்கா?"

நான் யோசித்தேன். மனிதர்கள் ஏன் எங்கள் வாசலில் நிற்பதில்லை? நிற்பதற்கு அங்கே எதுவும் இல்லை. கான்ட்ராக்டர் சுவரோரமாக ஒரே வரிசையில் குரோட்டன்ஸ் நட்டு அதற்கு 'கார்டன்' என்று பெயரும் வைத்துப் போயிருந்தார். ஒரே உயரம், ஒரே இடைவெளி, போலீஸ் வேலைக்கு ஆளெடுக்கும் இடத்தில் நிற்பது போல நெஞ்சை நிமிர்த்தி நின்றன. லட்சணமாக ஒரு பூப்பாத்தி இருந்தால் போகிறவர்கள் நிற்பார்கள், நின்றவர்கள் பேசுவார்கள், பேச்சு வந்தால் மனைவி இருப்பாள். இதுதான் என் திட்டம்.

பல வீடியோக்களைப் பார்த்தேன். உலகம் முழுக்க வீட்டோரப் பாத்திகளுக்கு ஒரே விதிதான்: செடிகளை அடுக்கடுக்காக வைக்கவேண்டும். சுவரை ஒட்டி உயரமானவை, அதற்கு முன்னால் மத்திமம், விளிம்பில் குட்டை. பள்ளிக்கூட குரூப் போட்டோதான். பெஞ்சு மேல் நிற்பவர்கள், நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், தரையில் சம்மணம் போட்டவர்கள். நான் எப்போதும் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆகவே விஷயம் எளிதில் புரிந்தது.

குரோட்டன்ஸைப் பிடுங்கி மண்ணைக் கொத்தினேன். மண் என்று நான் நினைத்தது மண் இல்லை. இன்னொரு வீடு கட்டும் அளவுக்குச் செங்கல் துண்டு, உறைந்துபோன சிமென்ட் மூட்டை, ஓட்டைச் சட்டி, ஒற்றைச் செருப்பு. ஐப்பசி மழைக்குள் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டு, செம்மண்ணும் சாணியும் போட்டு நிரப்பி, சேத்தூர் போகும் வழியில் இருக்கும் நர்சரியில் ஒரு வண்டி நிறையச் செடி எடுத்துவந்தேன். பின்னால் செவ்வரளி. நடுவில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும். முன்னால் குட்டை இட்லிப்பூ.

மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "இதென்ன மூணு வரிசை? பந்தி பரிமாறப் போறீங்களா?"

"அடுக்கு. பூத்ததும் பாரு."

பூத்தது. பூத்தது என்று நம்புகிறேன், ஏனென்றால் நான் பார்க்கவில்லை. தை மாதம் சாயங்காலம் பார்த்தால் செடி கொள்ளாத மொட்டு. காலை ஏழு மணிக்கு எழுந்து வந்து பார்த்தால் வெறும் இலை. அய்யனார் கோவில் மலையிலிருந்து குரங்கு வருகிறது என்று நினைத்தேன். பிறகு ஏதோ நோய் என்று நினைத்து இலையைப் படமெடுத்துப் பல பேருக்கு அனுப்பினேன். மருந்து அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன். செடி இன்னும் நன்றாக மொட்டு விட்டது. காலையில் இன்னும் நன்றாக மொட்டையானது.

ஆனால் ஒன்று. மனைவி முகத்தில் ஒரு தெளிச்சி. காபி சூடாக வந்தது. தோசை முறுகலாக வந்தது. என் பாத்தி வேலை செய்கிறது என்று மார்தட்டிக்கொண்டேன்.

மாசியில் உறவுக்காரர் கல்யாணத்துக்கு அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். மறுநாள் வெளிச்சம் வரும் நேரத்தில் வாசலில் சத்தம் கேட்டு, வாழ்க்கையில் முதன்முறையாக நானாக எழுந்தேன். ஜன்னல் திரையை விலக்கினால், குரங்கு கேன்வாஸ் ஷூ போட்டிருந்தது.

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர், நாலு வீடு தள்ளி இருப்பவர். காம்பவுண்டுக்கு வெளியே நின்றபடி ஒரு தொரட்டிக் கம்பால் என் செவ்வரளியை வளைத்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கு உள்ளே, ரிட்டயரான தலைமையாசிரியை ஒருவர் வயர் கூடையோடு நந்தியாவட்டையைப் பறித்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு அம்மா இட்லிப்பூவுக்கு முன்னால் குத்தவைத்து, ஒரு கையால் பூவைக் கிள்ளி, மறு கையில் இருந்த போனில் "வஸ்தா, வஸ்தா" என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தார். வருகிறேன் என்று அர்த்தம். வருவதாகத் தெரியவில்லை.

நான் வெளியே வந்தேன். யாரும் ஓடவில்லை. அதுதான் என்னை முதலில் உலுக்கியது.

"அய்யா, என்ன பண்றீங்க?"

"பூ பறிக்கேன் தம்பி."

"அது எங்க வீட்டுப் பூவுல்லா?"

"ஆமா, ஒங்க வீட்லதான இருக்கு," என்றார் பெரியவர் கொஞ்சமும் மறுக்காமல்.

"ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பறிக்கலாமே?"

"சாமிக்குப் பறிக்கையில கேக்கப்படாது தம்பி. கேட்டு வாங்குனா நீங்க குடுத்ததா ஆயிரும். பொறவு புண்ணியம் பூராம் ஒங்களுக்குப் போயிரும். நான் இம்புட்டுத் தூரம் நடந்து வந்ததுக்கு என்ன அர்த்தம்?"

டீச்சர் திரும்பினார். பள்ளிக்கூட பெல் அடித்தது போல நான் நிமிர்ந்து நின்றேன். "நாங்க என்ன மொட்டையா அடிக்கோம்? வீட்டுக்காரங்களுக்குன்னு ரெண்டு விட்டுட்டுத்தான போறோம்?"

விட்டிருந்த இரண்டையும் பார்த்தேன். ஒன்றில் புழு இருந்தது. மற்றது புழுவும் ஒதுக்கியது.

அப்போதுதான் என் முட்டாள்தனம் எனக்கு விளங்கியது. நான் நிறத்தைப் பார்த்து, உயரத்தைப் பார்த்துச் செடி வாங்கினேன். அத்தனையும் பூஜைப் பூ. அரளி, செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ: சிவன், அம்மன், பிள்ளையார் என்று மூன்று அடுக்கில் சன்னிதி கட்டி, வாசலில் கேட்டையும் தாழ்ப்பாள் போடாமல் வைத்திருக்கிறேன்.

மனைவி வருவதற்குள் முடித்துவிடத் தீர்மானித்தேன். இந்த முறை தேர்வுக்கு ஒரே தகுதி: எந்தச் சாமியும் ஏற்கக்கூடாது. பின்னால் 'பாம்' எனும் அலங்காரப் பனை. நடுவில், ஆறு மாதத்துக்கு முன் நானே துரத்திய அதே குரோட்டன்ஸ். முன்னால் முள்ளோடு காகிதப்பூ. பழைய செடிகளை வேரோடு தோண்டிப் போட்டபோது மூவரும் வந்து நின்றார்கள். "தூரவா போடப் போறீங்க? எடுத்துக்கிடுதோம்," என்றார் பெரியவர். அவரவர் வாகுக்கு ஏற்றதை எடுத்துப் போனார்கள். கேட்டுக்குப் பூட்டும் போட்டேன்.

மனைவி ஊரிலிருந்து வந்து கேட்டில் நின்றாள். பூட்டைப் பார்த்தாள். பாத்தியைப் பார்த்தாள்.

"எப்பிடி?" என்றேன்.

"நல்லாருக்கு."

கல்யாணமான எவருக்கும் அந்த ஒற்றைச் சொல் புரியும். எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நல்ல அமைதி. காகிதப்பூ கொழுந்துவிட்டுப் பூத்தது, நாள் முழுக்க அப்படியே இருந்தது. நான் காலையில் பார்த்தேன், மத்தியானம் பார்த்தேன், சாயங்காலம் பார்த்தேன். பூவைப் பார்ப்பதில் ஒரு அளவுக்கு மேல் ஒன்றும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தோசை மெத்தென்று வர ஆரம்பித்தது. சித்திரை பிறந்ததும் ஒரு நாள், அவள் தன் அக்காவோடு போனில் பேசுவது காதில் விழுந்தது.

"அம்மா வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லி வையி அக்கா... இல்ல, சண்டையெல்லாம் இல்ல. இங்க என்ன இருக்கு? விடியக்காலம் கோலம் போடையில பூப்பறிக்க வாரவங்க செத்த நேரம் நின்னு பேசுவாங்க. மகன் கத, மருமக கத, முட்டுவலி எல்லாம் சொல்லுவாங்க. நல்லாத்தான் இருந்துச்சு, சொன்னா வெரட்டிருவாகன்னு இவுககிட்டச் சொல்லல. இவுக அதுக்கும் முள்ளு வச்சுட்டாக. சாமியும் வராது, மனுசரும் வர மாட்டாக."

மூன்றாவது காபிக்காக நான் நீட்டிய டம்ளரை அப்படியே இழுத்துக்கொண்டேன். என் திட்டம் மிகச் சரியாக வேலை செய்திருக்கிறது, நான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில். எழுந்து வந்து அதை நானே கெடுத்திருக்கிறேன்.

நேரே பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் என் செவ்வரளி தொட்டியில் நின்றது. ஒரு பூகூடப் பறிக்கப்படவில்லை.

"அய்யா, செடியெல்லாம் திருப்பித் தந்தீங்கன்னா..."

"எடுத்துட்டுப் போங்க தம்பி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்! சுகருக்கு நடக்கச் சொல்லியிருக்காரு டாக்டரு. பூவு வீட்லயே இருந்தா எங்கன போயி நடக்க? நானும் இந்தச் செடியைச் சுத்திச் சுத்தி வாரேன், தலைதான் சுத்துது. எங்க வீட்டுக்காரி சிரிக்கா."

டீச்சரும் எதிர் வீட்டு அம்மாவும் அதே நிலையில்தான் இருந்தார்கள். மறுநாள் காலை எங்கள் வாசலில் கூட்டம் கூடியது. கேட்டுப் பூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நான் கடப்பாரையோடு நின்றேன். யாரும் என்னிடம் யோசனை கேட்கவில்லை.

"எனக்கு முட்டு மடக்க முடியாது, கையும் ரொம்பத் தூக்க முடியாது," என்றார் டீச்சர். "நந்தியாவட்டை என் இடுப்பளவுல இருக்கணும். வளந்துச்சுன்னா வெட்டிவிடுங்க."

"அரளி எம்புட்டு உசரமானாலும் போகட்டும்," என்றார் பெரியவர். "கம்பு இருக்கு."

எதிர் வீட்டு அம்மாவுக்கு இட்லிப்பூ தரையோடு தரையாக, அதற்கு முன்னால் மணை போட்டு உட்கார இடம் விட்டு இருக்கவேண்டும். போன் பேசத் தோதாக நிழலும் வேண்டும்.

"ஜன்னலுக்கு நேரா ஒண்ணும் நடக்கூடாது, செம்பருத்தியை ஓரமா வைங்க," என்றாள் என் மனைவி. "அடுப்படி வேலை பாத்துக்கிட்டே பேசணும்."

நான் மெல்லச் சொன்னேன்: "அடுக்குன்னா ஒரு கணக்கு இருக்கு. தொடர்ச்சியா வரணும். நடுவுல இப்பிடி ஓட்டை விட்டா, பல்லு விழுந்த மாதிரி..."

"கடப்பாரையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் போடுங்க," என்றாள்.

ஆக, பின்னால் உயரம், நடுவில் மத்திமம், முன்னால் குட்டை என்று வீடியோக்காரர் சொன்ன அதே வடிவம்தான் வந்தது. செடியின் உயரத்தை வைத்து அல்ல, பறிக்கிறவர்களின் முட்டுவலியை வைத்து. சித்திரை வெயிலில் நட்டதால் எல்லாம் வாடித் தொங்கியது. ஆளுக்கொரு குடம் ஊற்றினார்கள். குடத்துக்கு ஒரு கதையும் சொன்னார்கள். ஆனியில் மலைப்பக்கம் சாரல் விழுந்ததும் ஒவ்வொன்றாக நிமிர்ந்தது.

ஆடி வந்தது. ஆடிப்பூரத் தேர் பார்க்க என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினாள். பெரிய பை. "பத்து நாள் இருந்துட்டு வாரேன்," என்றாள். கெடுவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பையின் கனத்தைத் தூக்கிப் பார்த்தேன். பத்து நாளுக்கா, மொத்தமாகவா என்று கனத்திலிருந்து தெரியவில்லை. தேர் முடிந்த மறுநாள் சாயங்காலம் கேட்டில் ஆட்டோ நின்றது.

"பத்து நாள்னு சொன்ன?"

"நாளைக்கு வெள்ளிக்கெழமை. டீச்சர் வீட்ல வெளக்குப் பூசை, நெறையப் பூ கேட்டிருந்தாங்க. நீங்க யாரையாச்சும் வெரட்டி விட்டுட்டா?" பையை என் கையில் திணித்தாள். "அம்மா வீட்டுக்கு ஒரு நல்ல குடும்பம் வாடகைக்கு வருது. அவுக ஆவணில வாராக."

பால்கோவாப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். பெரியவருக்குச் சுகர் என்பதால் அவர் வீட்டுக்காரம்மாவுக்கு. டீச்சருக்கு ஒன்று. எதிர் வீட்டுக்கு ஒன்று. எங்கள் வீட்டுக்கு என்று கேட்டேன்.

"நமக்கு எதுக்கு?" என்றாள். "நாம என்ன அந்த ஊருக்கு வெளியாளா?"

மறுநாள் நான் ஒரு காரியத்துக்காக இருட்டு விலகும் முன்பே எழுந்தேன். இத்தனை பாடுபட்டு வளர்த்த செம்பருத்தி விரிவதை ஒரு தடவையாவது என் கண்ணால் பார்க்கவேண்டும். பார்த்தேன். நல்ல சிவப்பு, உள்ளங்கை அகலத்தில் விரிந்திருந்தது. லேசாகத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன்.

"அண்ணா, அதைத் தொடாதீங்க," என்றது மணையிலிருந்து ஒரு குரல். எதிர் வீட்டு அம்மா போனைக் காதிலிருந்து விலக்கியிருந்தார். "அது வதினாவுக்குன்னு விட்டுவச்சிருக்கோம்."

வதினா என்றால் தெலுங்கில் மதினி. அந்த மதினி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தோசைக் கரண்டியோடு நின்று, நான் கையை எடுக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்துவிட்டேன்.