டவருக்கு வச்ச குங்குமம்

என் தங்கச்சிக்குப் பொறந்ததுலருந்தே காது கேக்காது, பேச்சும் வராது. திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பாக்குறா. எங்கம்மாவும் அவளும் பேசிக்கிறது கையாலதான். எந்தப் பள்ளிக்கூடத்துலயும் படிச்ச பாஷை இல்ல அது, அடுப்படியில ரெண்டு பேருமாச் சேந்து உண்டாக்குனது. வலது கை அஞ்சு விரலையும் குவிச்சு வாய்க்குக் கொண்டுபோனா, சாப்டியான்னு அர்த்தம். நெஞ்சுல தட்டுனா, ஒன் நெனப்பாவே இருக்குன்னு அர்த்தம். கூடப் பொறந்த எனக்கே அதுல பாதிதான் புரியும்.

ஊரு கீழக்குயில்குடி. மலை மறிச்சுக்கிட்டு நிக்கிறதால எங்க தெருவுல சிக்னல் நொண்டியடிக்கும். மத்தவங்க கத்தியாவது பேசிருவாங்க. எங்களுக்கு வீடியோவுல படம் ஓடணும்ல? அவ கையைத் தூக்குறப்பவே படம் நின்னுபோகும். அம்மா போனைப் புடிச்சு உலுக்கும். "வாய் பேசாத புள்ளைக்கு எதுக்குத்தா போனு?"ன்னு பக்கத்து வீட்டுக்காரி ஒருநா கேட்டா. வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். இன்னைக்கு வரைக்கும் அவகூடப் பேச்சுவார்த்தை கெடையாது.

ஒருதடவ அம்மாவை, சிக்னல் நல்லாக் கெடைக்கிற பழங்காநத்தத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க படம் நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா பஸ் ஸ்டாப்புல கையை ஆட்டிப் பேசுற பொம்பளையைச் சுத்திக் கூட்டம் கூடிருச்சு. ஒருத்தன் அதையும் போன்ல புடிச்சான். அம்மா கையை முந்தானைக்குள்ள இழுத்துக்கிருச்சு. "நம்ம ஊருக்கு டவர் வரட்டும், வீட்டுலருந்தே பேசிக்கிறேன்"னுச்சு.

டவரும் வந்துச்சு. கண்மாய்க்கரையில கம்பி ஏத்தி முடிச்ச அன்னைக்கு, புது வண்டிக்குச் செய்யிற மாதிரி அதோட இரும்புக் காலுக்குச் சந்தனம் குங்குமம் வச்சுட்டு வந்து போனை எடுத்துச்சு அம்மா. ஒண்ணுமில்ல. கரண்டு வரணும், கேபிள் வரணும்னு இழுத்தடிச்சானுக. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமப் போய்க் குங்குமம் வைக்கும். "அது என்ன சாமியாம்மா?"ன்னு கத்துவேன். "நீ அம்மான்னா எனக்குக் கேக்குது. அவ அம்மான்றத நான் கண்ணாலதான கேக்கணும்?"னுச்சு.

டவருக்கு உசுரு வர்றதுக்கு முன்னாடி அம்மாவுக்கு வாதம் அடிச்சுருச்சு. வலது கை விழுந்துபோச்சு, பேச்சும் போச்சு. தங்கச்சி ஓடியாந்து, லீவு முடியிற வரைக்கும் கட்டில் பக்கத்துலயே கெடந்தா. அம்மா அவ மொகத்தைப் பாக்கவே இல்ல. நல்லாருந்த இடது கையையும் போர்வைக்குள்ள வச்சுக்கிருச்சு. திருப்பூருக்குத் திரும்பிப் போறப்ப அவ நெஞ்சுல தட்டிக் காட்டுனா, அம்மா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிருச்சு. இனி இதுக ரெண்டும் பேசவே போறதில்லன்னு நெனச்சு நான் அழுதேன்.

அதுக்கப்புறந்தான் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சிக்னல் வந்துச்சு. தங்கச்சி வீடியோவுல கூப்ட்டா. போனை அம்மா மொகத்துக்கு நேரா புடிச்சேன். வேண்டாம்னு தலையை ஆட்டிச்சு.

தங்கச்சி வலது கையை முதுகுக்குப் பின்னால கொண்டுபோயி வச்சுக்கிட்டா. இடது கை விரலைக் குவிச்சு, பழக்கமில்லாம தடுமாறி, வாய்க்குக் கொண்டுபோனா. திரும்பவும் அதே மாதிரி கேட்டா.

போர்வை அசைஞ்சுச்சு. அம்மாவோட இடது கை வெளிய வந்து நெஞ்சுல தட்டுச்சு. படம் நிக்கவே இல்ல.