பாதியில் நிறுத்திய தலை

மடையர்களிலும் பணக்கார மடையனுக்கு எங்கள் ஊரில் தனி மரியாதை உண்டு. உடுப்பிட்டியில் நான் லொறி திருத்திக்கொண்டிருந்த காலத்தில் அப்படி ஒருவரிடம் அகப்பட்டேன். புகையிலை வியாபாரி. நெற்றியில் முக்குறித் திருநீறு, தோளில் சால்வை, வாயில் எந்நேரமும் 'எனக்குத் தெரியும்'.

உலக யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர் கழித்துவிட்ட லொறி ஒன்றை அவர் வாங்கியிருந்தார். அதன் எஞ்சின் மற்ற லொறிகளைப்போல முன்னுக்குத் துருத்திக்கொண்டு நிற்காது. சாரதியின் இருக்கைக்கு அடியிலே கிடக்கும். அதில் கை வைக்க வேண்டுமென்றால் சாரதி இருக்கும் அறையையே முன்பக்கமாகக் கவிழ்க்க வேண்டும். அந்த அறையை நாங்கள் தலை என்போம். பழைய தலை துருவேறி உக்கிப்போனதால் ஊர்த் தச்சர் பலகையில் புதிது செய்து, அது கவிழ்வதற்கு முன்னடியில், கதவுக்குப் போடுவதுபோல இரண்டு பெரிய பிணைச்சல் பூட்டியிருந்தார். நல்ல வேலை. தச்சரை நான் குறை சொல்லமாட்டேன்.

தலையை முழுதாகக் கவிழ்த்தால் அது தன் பாரத்திலேயே முன்னுக்குச் சாய்ந்து நிற்கும். அதற்கு மேலும் நம்பிக்கைக்கு ஒரு பனந்தீராந்தியை முண்டு கொடுப்பேன். அளவெடுத்து நானே வெட்டி வைத்த பனைமரச் சட்டம். பாதியில் நிறுத்தினால் தலை திரும்பவும் எஞ்சின்மேல் விழத்தான் பார்க்கும். இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். வண்டில் மாட்டுக்கும் விளங்கும்.

அன்று தண்ணீர்ப் பம்பு பழுது. தலையின் பின்விளிம்பில் கயிறு கட்டி, லொறிக்கு முன்னால் நின்ற வேம்பின் கொப்புக்கு மேலாகப் போட்டு, முதலாளியும் அவருடைய சாரதியும் இழுத்தார்கள். பாதி எழும்பியதும் முதலாளி "நில்லு, நில்லு!" என்று கத்தினார்.

இருக்கைக்குப் பின்னால் பலகையில், முன்னால் தெருவைப் பார்த்தபடி ஒரு பிள்ளையார் படம் அடித்திருந்தது.

"இனியும் சரிச்சால் பிள்ளையார் முகங்குப்புறக் கிடப்பார். என்ரை லொறியிலை உது நடவாது."

"அப்ப படத்தைக் கழட்டுவம், முதலாளி."

"ஐயர் பூசை செய்து வைச்ச படம். நீ ஆர் கழட்ட?"

"பாதியிலை என்ரை முண்டு நிக்காது. கயித்தையாவது மரத்திலை கட்டுங்கோ."

"கயிறு எட்டாது. எட்டாட்டி என்ன? ரெண்டு ஆம்பிளையள் பிடிச்சுக்கொண்டு நிக்கிறம். பயமெண்டால் வீட்டை போ. வேறை ஆளைப் பிடிக்கிறன்."

சாரதி பல்லைக் காட்டினான். முதலாளி வாயைத் திறந்தால் சிரிப்பது அவனுக்கு லொறி ஓட்டுவதைவிடக் கைவந்த வேலை.

அந்தச் சொல்லுக்கு ரோசப்பட்டு நான் எஞ்சினுக்குள் குனிந்தேன். அவர்களை ஏசுகிற வாயால் என்னையும் ஏசத்தான் வேண்டும். அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தும் கையை வைத்தவனை என்னவென்று சொல்வது?

நாலு நட்டில் மூன்றைக் கழற்றிவிட்டேன். நாலாவதில் ஸ்பனரைக் கொளுவியபோது பக்கத்துக் கோயிலில் மத்தியானப் பூசை மணி அடித்தது.

பூசை மணி கேட்டால் எங்கள் ஊர் ஆட்களுக்குக் கை தானாகத் தலைக்கு மேல் போகும். யோசித்துக் கும்பிடுவதில்லை. நாலு கைகளும் ஒன்றாகப் போயின. கயிறு கொப்பில் உரசி ஓடுகிற சத்தம் கேட்டு நான் பின்னால் பாய்ந்தேன். வலக்கையும் என்னோடு வந்துவிட்டது. இடக்கை வரவில்லை.

சாரதி அலவாங்குக் கம்பியால் தலையைத் தெண்டிக் கிளப்பித்தான் என் கையை எடுத்தான். இரண்டு விரல்கள் தோலில் தொங்கின. வேம்படியில் இருந்துகொண்டு, கட்டுவதற்கு ஒரு துணி தரும்படி கேட்டேன். முதலாளி சால்வையை உருவிக்கொண்டு ஓடினார். என்னிடம் வருகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் லொறிக்குள் ஏறிப் படத்தைத் துடைத்தார்.

"பாத்தியே தம்பி பிள்ளையாற்றை கருணையை! கண்ணாடியிலை ஒரு கீறல் இல்லை."

அடுத்த கிழமை ஆசுபத்திரியில் சாரதி வந்து என்னைப் பார்த்தான். படத்தை முன்கண்ணாடிக்கு மேலே, உள்ளே பார்க்கிறமாதிரி மாற்றிவிட்டார்களாம். இனித் தலையை எவ்வளவு கவிழ்த்தாலும் பிள்ளையார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். ஐயரிடம் கேட்டதற்கு, அதற்கென்ன, தாராளமாக மாற்றுங்கள் என்றாராம். இரண்டு ஆணியைக் கழற்றி அடிக்கிற வேலைதான்.