கசப்பு உருண்டை தின்ற ஆடுகள்

கார் நிக்கோபாரிலிருந்து லீவில் வந்தால் நான் நேராகப் போவது சௌல்தாரியில் இருக்கும் அக்கா வீட்டுக்குத்தான். நான் கார் நிக்கோபார் தீவில் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அக்கா என்னைவிட நிறைய மூத்தவள். எங்கள் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். அக்காவும் அங்கே பால் வெட்டினாள். முழங்கால் தேய்ந்து இனி மேடு பள்ளம் ஏற முடியாது என்று ஆன பிறகு, அத்தானுக்கு சௌல்தாரியில் இருந்த சின்ன நிலத்துக்கு வந்து ஆடு வளர்க்கத் தொடங்கினாள். எல்லாம் வெள்ளாடு. இந்த ஊர் ஈரத்துக்குச் செம்மறி தாங்காது என்று யாரும் வளர்ப்பதில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் போனபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். சாப்பிட்டாயா என்று கூடக் கேட்கவில்லை. பையை வாங்கி உள்ளே எறிந்துவிட்டு என் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"போன வாரம் ரெண்டு செத்துப்போச்சு. அத்தான் பின்னால பொதைச்சிட்டாரு. யார்கிட்டயும் வாய விட்டுறாத."

கொட்டகையில் ஆடுகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. ஒரு பழுப்புக் கிடாவுக்குத் தாடைக்கு அடியில் தண்ணீர் கோத்து, சின்னப் பை தொங்குவது போல வீங்கியிருந்தது. மூலையில் கறுப்பு ஆடு ஒன்று படுத்திருந்தது. சினை ஆடு. அக்கா அதன் பக்கம் திரும்பவே இல்லை.

"டாக்டரைக் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டா எல்லாத்தையும் கொன்னு பொதைச்சிருவாங்களாம். பக்கத்து வீட்டு பெங்காலி பாபி சொன்னாங்க. எந்த ஊர்லயோ பன்னிங்களுக்கு அப்படித்தான் செஞ்சாங்களாம், போன்ல பாத்தாங்களாம்."

அக்கா பயந்து நான் அதிகம் பார்த்ததில்லை. ரப்பர் தோட்டத்தில் பாம்பைக் கண்டால்கூட கத்தியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மேலே நடப்பவள். இப்போது ஆடுகளை ஒளித்து வைத்துக்கொண்டு, வருகிற போகிறவர்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஆட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரியில் பிள்ளைத்தாய்ச்சிகள் வந்தால் நான் முதலில் செய்வது கீழ் இமையை இழுத்துப் பார்ப்பதுதான். கை தானாகப் போய் அந்தக் கிடாவின் கீழ் இமையை இழுத்தது. உள்ளே சிவப்பே இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. அடுத்த ஆட்டையும் பார்த்தேன். அதுவும் அப்படித்தான்.

"அக்கா, இதுங்க உடம்புல ரத்தமே இல்ல. என்னான்னு தெரியணும். டாக்டர்கிட்ட போயே ஆகணும்."

அன்று முழுக்க அவளோடு மல்லுக்கட்டினேன். மறுநாள் காலையில், ஆட்டைக் கொண்டுபோகாமல் புழுக்கையை மட்டும் கொண்டுபோவது என்று ஒத்துக்கொண்டாள். ஒவ்வொரு ஆட்டின் புழுக்கையையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். வழி நெடுக அக்கா பையை மடியில் வைத்து, முந்தானையால் மூடியபடியே வந்தாள்.

டாக்டர் இளவயதுப் பெண். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். பேச்செல்லாம் ஹிந்தியில்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இமையைப் பார்த்தீங்களா? நாங்களும் அதைத்தான் முதல்ல பார்ப்போம்" என்றார். புழுக்கையைக் கரைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவர், தலையைத் தூக்கி என்னையும் பார்க்கச் சொன்னார். வட்ட வெளிச்சத்துக்குள் முட்டை முட்டையாக மிதந்தது.

"வயித்துல ரத்தம் குடிக்கிற புழு. டரோ மத், பயப்படாதீங்க தீதி. ஒரு ஆட்டையும் யாரும் கொல்ல மாட்டாங்க."

"புழுவா?" என்றாள் அக்கா. "வெறும் புழுதானா?"

"வெறும் புழு இல்ல, ஆட்டைக் கொல்ற புழு. ஆனா புழுதான்."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. எனக்கும் முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. பெயர் தெரிந்த வியாதி என்றால் பாதிக் கவலை குறைந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியிலும் நான் இதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் சிரிப்பு அடங்கியதும் அக்கா கேட்டாள்: "நான் மாசா மாசம் புழுவுக்குத் தவாயி ஊத்திக்கிட்டுத்தானே இருக்கேன், டாக்டர் சாப்? அப்பறம் எப்படி?"

"அதேதானா, எப்பவும்?"

"அதேதான். வெள்ளையா இருக்குமே, அது."

டாக்டர் பெருமூச்சு விட்டார். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சாகாமல் தப்பிக்கிற புழுக்கள் மட்டுமே பெருகும், கடைசியில் அந்த மருந்துக்கு எதுவும் சாகாது என்று விளக்கினார். வேறு வகை மருந்து இருக்கிறது, ஆனால் மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும், கடல் சரியில்லாமல் கப்பல் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. அலமாரியைத் திறந்து அடியில் கொஞ்சம் மிச்சமிருந்த ஒரு பாட்டிலை எடுத்தார். தாடை வீங்கிய கிடாவுக்கும் சினை ஆட்டுக்கும்தான் அது போதும்.

"மத்ததுங்களுக்கு?"

"கப்பல் வர்ற வரைக்கும் இலை, தழை, கசப்புன்னு முயற்சி பண்ணலாம். சில ஆட்டுல நல்லா கேட்குது, சிலதுல கேட்கல. மந்திரம்னு நெனச்சுக்காதீங்க."

அக்காவுக்கு உடனே தெம்பு வந்துவிட்டது. "எங்க தோட்டத்துல பாக்கு கொட்டிக் கெடக்கு. பாக்குக்குப் புழு சாகும்பாங்களே, அரைச்சு ஊத்தட்டா?"

"சாகும். அளவு தப்பினா ஆடும் சாகும். பாக்கைத் தொடாதீங்க. சினை ஆட்டுக்கு இந்தக் கசப்பு எதுவுமே வேண்டாம்."

வேப்பிலை, பாகற்காய், வாழைத்தண்டு, பூண்டு, மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு. எல்லாவற்றையும் அரைத்து வெல்லம் சேர்த்து உருண்டை பிடிக்க வேண்டும். அளவை போனில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினார். அதைவிட முக்கியம் என்று அவர் சொன்னது வேறு. பனி காயும் முன்னால் மேயவிடக் கூடாது. ஈரப் புல்லின் நுனியில்தான் புழுக்குஞ்சுகள் ஏறி நிற்குமாம். புல்லுக்குப் பதிலாக மரத்தழையை ஒடித்து, ஆடு எட்டித் தின்னும் உயரத்தில் கட்ட வேண்டும்.

அக்கா வீட்டுப் பக்கம் வேப்பமரம் கிடையாது. பத்துபஸ்தியில் என் கூடப் படித்த தோழி வீட்டு வாசலில் ஒன்று உண்டு. போய் ஒரு சாக்கு நிறைய ஒடித்துக்கொண்டு வந்தேன். அக்கா அம்மியில் அரைத்தாள். வீடே மருந்துக்கடை மாதிரி நாறியது. அத்தான் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, "இதை எனக்குக் குடுத்தா நானும் செத்துருவேன், புழு எம்மாத்திரம்" என்றார்.

கிடாவுக்கும் சினை ஆட்டுக்கும் பாட்டில் மருந்தை ஊற்றினோம். மற்றவற்றுக்கு உருண்டை கொடுப்பதுதான் பெரும்பாடு. அத்தான் ஆட்டைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொள்ள, நான் வாயைத் திறக்க, அக்கா உருண்டையை உப்பில் புரட்டி நாக்கில் தேய்த்துத் தேய்த்து உள்ளே தள்ளினாள். முதல் ஆடு அப்படியே என் முகத்தில் துப்பியது. இரண்டாவது, உருண்டையைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு, நாங்கள் விட்டதும் வெளியே போய் நிதானமாகத் துப்பியது. அக்கா எல்லாவற்றையும் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்துத் திரும்ப ஆரம்பித்தாள். உப்பு ருசி கண்டபிறகு சிலது தாங்களாகவே கழுத்தை நீட்டின.

சில நாளில் ஒரு குட்டி செத்துப்போனது. அதைப் புதைத்துவிட்டு வந்த அக்கா அம்மியைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"இலை தழையெல்லாம் மனசுக்கு ஆறுதல்தான் புள்ள. அத்தானை எல்லாத்தையும் வித்துறச் சொல்லப்போறேன்."

நான் கொட்டகைக்குப் போய், வார்டில் ரவுண்ட்ஸ் போவது போல ஒவ்வொரு ஆட்டின் இமையாக இழுத்துப் பார்த்தேன். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றிரண்டில் லேசாக ரோஸ் நிறம் ஏறியிருந்தது. அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். கிடாவின் தாடைக்கு அடியில் கையை விட்டாள். பை வற்றித் தோல் மட்டும் தொளதொளவென்று இருந்தது. போய்க் குழவியை எடுத்தாள்.

அதற்கப்புறம் தினமும் எனக்கு முன்னால் அவளே இமை பார்த்துவிடுவாள். "இது தேறிருச்சு. இது இன்னும் இழுக்குது" என்று சமையலறை ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பாள். கறுப்பு ஆடு ஒரு மத்தியானம், மழை விட்டிருந்த நேரத்தில், இரண்டு குட்டி போட்டது. இரண்டும் விழுந்து எழுந்து மடியைத் தேடிப்போய் முட்டின. பால் இருந்தது. அக்கா அந்த ஆட்டின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

என் லீவு முடியும் முன்னால் இன்னொரு தடவை புழுக்கையைக் கொண்டுபோனோம். இந்த முறை அக்கா பையைக் கையில் ஆட்டிக்கொண்டே நடந்தாள். டாக்டர் வெகுநேரம் மைக்ராஸ்கோப்பில் தேடினார்.

"அங்கொண்ணு இங்கொண்ணுதான் இருக்கு. நல்லாக் கொறைஞ்சிருச்சு."

"உருண்டைதானே, டாக்டர் சாப்?"

"உருண்டையா, காஞ்ச மேய்ச்சலா, மரத்தழையா? அடிச்சுச் சொல்ல மாட்டேன், தீதி. மூணும் சேர்ந்திருக்கும். கப்பல் வந்ததும் புது மருந்து வாங்கிக்கோங்க. ஆனா தேவைப்படுற ஆட்டுக்கு மட்டும். அடுத்த மாசமும் புழுக்கை கொண்டுவாங்க."

வீட்டுக்கு வந்ததும் அக்கா எனக்கும் அத்தானுக்கும் டீ ஊற்றிக் கொடுத்தாள். தனக்கு ஊற்றியதைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கொஞ்சம் முதுகை நீட்டுகிறேன் என்று பாயில் சாய்ந்தாள். டீயில் ஆடை படிவதற்குள் குறட்டை வந்துவிட்டது. இத்தனை வாரமாக அவள் சரியாகத் தூங்கவில்லை என்று அத்தான் மெதுவாகச் சொன்னார். வெளியே ஆடுகள் வேலியோரம் இருந்த செம்பருத்திச் செடியை மொட்டையடித்துக்கொண்டிருந்தன. அத்தான் என்னைப் பார்த்தார், நான் அத்தானைப் பார்த்தேன். விரட்ட இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.