இடது பக்கம் பாக்கி

“ஏறுதா?”

“ஏறுதுப்பா.”

“எவ்வளவு?”

“கோட்டுக்கு ஒரு விரக்கடை கீழ.”

“ஒரு விரக்கடை கீழ,” என்று காருக்குப் பின்னாலிருந்து அப்பா திருப்பிச் சொன்னார். அதற்குப் பிறகுதான் இன்னொரு சுற்றுத் திருகினார்.

அது சனிக்கிழமை. வலது பின் சக்கரத்துக்குப் புது பிரேக் பேட். பேட் தேயத் தேய அதை அழுத்தும் பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். அதை உள்ளே அனுப்பினால்தான் தடிமனான புது பேடுக்கு இடம். இந்தக் காரில் ஹேண்ட் பிரேக்கும் பின் சக்கரத்திலேயே இருப்பதால் வெறுமனே தள்ளினால் போகாது. அழுத்திக்கொண்டே திருக வேண்டும். அது உள்ளே போகப் போக, முன்னால் பானெட்டுக்கு அடியில் இருக்கும் டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும். டப்பாவின் மேல் கோட்டைத் தாண்டி வழிந்தால் பெயின்டைத் தின்றுவிடும். அதனால் மகள் டப்பாவின் பக்கத்தில், கூடுதலை உறிஞ்ச ஊசியில்லாத சிரிஞ்சோடு நின்றாள்.

“கோடு வரைக்கும் ஊத்தி வெச்சிருக்கீங்க. பேட் தேஞ்சா ஆயில் இறங்கத்தான் செய்யும், புதுசு போட்டா தானா ஏறும். ஊத்தாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“ஆயில் இறங்கினா எனக்குச் சோறு இறங்காது.”

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஆயுசில் பாதியைக் கட்டடங்களின் நடுவே இருட்டுக் குழியில் கழித்தவர். மேலே ஒருவர், கீழே ஒருவர். கீழே இருப்பவர் கேட்பார், மேலே இருப்பவர் பதில் சொல்வார், கீழே இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்வார். அப்புறம்தான் கை வைப்பது. கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் எதிரொலி. ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. அம்மா “உப்பு தீர்ந்துபோச்சு” என்றால், “உப்பு தீர்ந்துபோச்சு” என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்.

“உங்க அக்காவுக்குத்தான் காது கேக்காது. உங்களுக்கு என்ன கேடு?” என்று அம்மா நொடிப்பாள்.

அம்மா போன பிறகு, திருப்பிச் சொல்ல வீட்டில் டிவி மட்டும்தான் இருந்தது. “நாளை லேசான மழை,” என்று அது சொல்லும். “லேசான மழை,” என்பார். மகளுக்கு வேறு ஊரில், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. போனில் அவள் “சாப்பிட்டேன்பா” என்றால் “சாப்பிட்டே” என்பார். அதற்கு மேல் இருவருக்குமே பேச்சு வராது.

வலது பக்கம் முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் பழசுமாக வண்டியை எடுக்கக் கூடாது.

“இடது பக்கம் அடுத்த வாரம்பா.”

“இடது பக்கம் அடுத்த வாரம். நீ வந்தாத்தான். பதில் சொல்ல ஆளில்லாம நான் கை வைக்க மாட்டேன்.” கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “வண்டி சரியானதும் முதல் வேலை அக்கா வீடு. காது மெஷினை ரிப்பேர் பண்ணி வாங்கி வெச்சிருக்கேன். நேர்ல போய் மாட்டி, கேக்குதான்னு பார்த்துட்டுத்தான் வரணும்.”

வியாழக்கிழமை காலையில் பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்ததைப் பார்த்து மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அப்பா தூக்கத்திலேயே போயிருந்தார்.

அத்தையை யாரோ அழைத்து வந்தார்கள். தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து, வருகிறவர்கள் போகிறவர்கள் வாயையெல்லாம் மாறி மாறிப் பார்த்தாள். மெஷின் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

“என்னடி ஆச்சு? கடைசியா என்ன சொன்னான்?”

மகள் காதோரம் குனிந்து கத்தினாள். சாவு வீட்டில் அதற்கு மேல் கத்த முடியவில்லை.

“ஒண்ணும் கேக்கலடி. ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறீங்க.”

எல்லோரும் கிளம்பிய பிறகு காரைத் திறந்தபோது, டாஷ்போர்டுக்குள் அந்தச் சின்னப் பெட்டி இருந்தது. பக்கத்திலேயே புது பேட்டரி. பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் முடித்த வண்டியை அப்படியே போட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தாள். ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். ஜாக்கி, ஸ்டாண்ட், சக்கரம், போல்ட். பிரேக் ஆயில் வரும் ஹோஸில் பாரம் விழாமல், பிஸ்டன் இருக்கும் காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். டப்பாவில் ஆயில் கோட்டுக்கு நன்றாகக் கீழே இருக்கும்; சனிக்கிழமை அவளே உறிஞ்சி விட்ட அளவு. பார்க்காமலே மூடியைத் தளர்த்திவிட்டுப் பின்னால் போனாள். அவள் வேலையில் இருப்பவர்கள் செய்யக் கூடாத காரியம் அது.

“ஏறுதா?” என்று வாய் தானாகக் கேட்டது. கேட்டுவிட்டுத் திருகினாள்.

முன்னால் எதுவோ சொட்டியது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். டப்பா தளும்பி, ஆயில் இறங்கி உள்பக்கப் பெயின்டில் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஏதோ ஒரு நாள் அப்பா தனியாக பானெட்டைத் திறந்திருக்கிறார். ஆயில் இறங்கியிருந்தது பொறுக்காமல், கோடு வரைக்கும் ஊற்றியிருக்கிறார்.

“ஊத்தாதீங்கன்னு சொன்னேனேப்பா.”

திருப்பிச் சொல்ல ஆளில்லை. அவள் மூடியை இறுக்கி, தண்ணீர் விட்டுத் துடைத்தாள். மறுபடி மூடியைத் தளர்த்தி, சிரிஞ்சால் உறிஞ்சினாள்.

அதன் பிறகு வேலை மெதுவாக நடந்தது. சக்கரத்தடியில் உட்கார்ந்து ஒரு சுற்றுத் திருகினாள். எழுந்து முன்னால் வந்து பார்த்து, “ஒரு விரக்கடை கீழ,” என்றாள். திரும்பிப் போய் உட்கார்ந்து, “ஒரு விரக்கடை கீழ,” என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்று. மாடி வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

பேட் உட்கார்ந்தது. சக்கரம் ஏறியது. டப்பாவின் மூடியை இறுக்கினாள். அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தாள். முதலில் கால் ஆழத்துக்குப் போனது. மிதிக்க மிதிக்கக் கெட்டியானது. வாசலுக்குள்ளேயே மெல்ல உருட்டி நிறுத்திப் பார்த்தாள். நின்றது.

டாஷ்போர்டைத் திறந்து பெட்டியை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்தாள். அத்தை கேட்டதற்குப் பதில் அவளிடம் இருந்தது. கடைசியாக அவர் சொன்னது அத்தையைப் பற்றித்தான்.

“நேர்ல போய் மாட்டி, கேக்குதான்னு பார்த்துட்டுத்தான் வரணும்,” என்று திருப்பிச் சொன்னாள். பிறகு கியர் போட்டாள்.